நாடுகடத்தினால் பயங்கரவாதம் குறையுமா?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: எங்காவது ஒரு பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் உடனே "வெளிநாட்டுக்காரர்களை அனுப்பு, விசாவை நிறுத்து" என்ற குரல் எழுகிறது. அரசுகளும் அதைச் செய்கின்றன. இதனால் உண்மையிலேயே மக்களுக்குப் பாதுகாப்பு கூடுகிறதா, இல்லை வெறும் கண்துடைப்பா?

முழுக்கக் கண்துடைப்பு என்று தள்ளிவிட முடியாது. ஒரு குறிப்பிட்ட ஆளைப் பற்றிக் குறிப்பிட்ட தகவலோ உறுதியான சந்தேகமோ இருந்தபோது குடிவரவுச் சட்டம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆள் யாரென்று தெரியாமல், பிறந்த நாட்டையும் மதத்தையும் வைத்து வலை வீசியபோது மாட்டியவர்கள் பெரும்பாலும் அப்பாவிகள். நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இதில் இருக்கிறது. அதைப் பார்த்தால், அரசுகள் இந்த ஆயுதத்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்குக் காரணம் அதன் பலன் அல்ல, அது கைக்கு எளிதாக இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், வேலை செய்த ஒரு சம்பவம். 2001 ஆகஸ்ட் 4, அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆர்லாண்டோ விமான நிலையம். முகமது அல் கஹ்தானி என்ற சவுதி இளைஞர் வந்து இறங்குகிறார். விசா சரியாக இருக்கிறது. ஆனால் திரும்பிப் போக டிக்கெட் இல்லை. தங்க இடம் பதிவு செய்யவில்லை. யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று கேட்டால் உருப்படியான பதில் இல்லை. ஹோசே மெலெண்டெஸ் பெரெஸ் என்ற குடிவரவு ஆய்வாளருக்கு அந்த ஆளின் தோரணையே சரியாகப் படவில்லை. சவுதிக்காரர்களிடம் பதமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அப்போது அங்கே இருந்த பழக்கம். அதையும் மீறி அவர் உள்ளே விட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அதே விமான நிலையத்துக்கு அன்று கஹ்தானியை அழைத்துப்போக வந்திருந்தவர், செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்களின் தலைவர் முகமது அத்தா. செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் மூன்றில் ஐந்து ஐந்து பேர் இருந்தார்கள். பென்சில்வேனியாவில் விழுந்த விமானத்தில் மட்டும் நான்கு பேர். ஐந்தாவது ஆளாக வந்திருக்க வேண்டியவர் கஹ்தானி என்பதுதான் பின்னாளைய விசாரணை ஆணையத்தின் முடிவு.

அந்த ஆய்வாளர் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பார்த்து முடிவெடுக்கவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தால், அன்றைய வழக்கப்படி உள்ளே விட்டிருப்பார். எதிரே நின்ற மனிதரைப் பார்த்தார், கேள்வி கேட்டார், பதில் ஒட்டவில்லை என்று கண்டுபிடித்தார்.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே தாக்குதலில் இருக்கிறது. விமானம் கடத்திய 19 பேரும் விசா வாங்கித்தான் வந்தார்கள், 15 பேர் சவுதி குடிமக்கள். அவர்களில் அல் மிஹ்தார் என்பவரிடம் அமெரிக்க விசா இருப்பது 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சிஐஏவுக்குத் தெரியும். அவர் பெயரைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது 2001 ஆகஸ்ட் கடைசியில். அப்போது அவர் உள்ளே வந்து இருந்துகொண்டிருந்தார். சட்டம் இருந்தது, அதிகாரமும் இருந்தது. தகவல்தான் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவில்லை. தாக்குதல் நடந்து சரியாக ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில், அத்தாவுக்கும் இன்னொருவருக்கும் மாணவர் விசா அனுமதிக்கப்பட்டதாக அவர்கள் படித்த விமானப் பயிற்சிப் பள்ளிக்குக் குடிவரவுத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. நோய் எங்கே இருந்தது என்று இந்த ஒரு கடிதமே காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் மருந்து வேறிடத்தில் தடவப்பட்டது. செப்டம்பர் 11க்குப் பிறகு 762 வெளிநாட்டவர் குடிவரவு மீறல் என்ற பெயரில் பிடித்து வைக்கப்பட்டார்கள். இது அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளரே 2003இல் வெளியிட்ட கணக்கு. எஃப்பிஐ "இவர் மேல் சந்தேகம் இல்லை" என்று எழுதித் தரும்வரை விடக்கூடாது என்பது உத்தரவு. அந்தச் சான்று வருவதற்குச் சராசரியாக 80 நாள் ஆனது. விசா காலம் முடிந்தும் தங்கியது போன்ற சாதாரணக் குற்றத்துக்குத்தான் இத்தனையும். ப்ரூக்ளின் தடுப்புச் சிறையில் அமெரிக்கக் கொடி அச்சிட்ட ஒரு டி-ஷர்ட்டைச் சுவரில் ஒட்டி, கைதிகளை அதன்மேல் மோதவைத்திருக்கிறார்கள் காவலர்கள். அந்தத் துணியில் ரத்தக்கறை இருந்ததாக அதே ஆய்வாளரின் அடுத்த அறிக்கை சொல்கிறது. இந்த 762 பேரில் ஒருவர் மீதும் செப்டம்பர் 11 சதிக்காக வழக்குப் போடப்படவில்லை.

அப்புறம் வந்தது சிறப்புப் பதிவுத் திட்டம். 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் குடிவரவு அலுவலகத்துக்கு நேரில் வந்து கைரேகை கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். வட கொரியாவைத் தவிர மற்ற 24ம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். 80,000 பேருக்கு மேல் வரிசையில் நின்று பதிவு செய்தார்கள். அவர்களில் 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கியது. பயங்கரவாதக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை. யோசித்துப் பாருங்கள், குண்டு வைக்க வந்தவன் அரசு அலுவலகத்தில் வரிசையில் வந்து நிற்பானா? நின்றவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், கட்டுப்பட்டதற்குத்தான் தண்டனை கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் பதிவுக்கென்று போன ஈரானியர்கள் நூற்றுக்கணக்கில் அங்கேயே கைது செய்யப்பட்டார்கள். இந்தத் திட்டத்தை 2011இல் நிறுத்தி, 2016 டிசம்பரில் அந்த விதியையே சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பலன் இல்லை என்று தெரிந்தும் ஏன் இதையே நாடுகிறார்கள்? ஒருவரைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தினால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றத்தை நிரூபிக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அரசே வைத்துத்தர வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட வேண்டும். அமெரிக்காவில் ஜூரி உண்டு. நாடுகடத்தல் வழக்கு நிர்வாக நடவடிக்கை என்ற கணக்கில் வருவதால் இவற்றில் பெரும்பாலானவை தேவையில்லை. ஆதாரம் குறைவாக இருந்தால் போதும், சில நாடுகளில் அந்த ஆதாரத்தை எதிராளிக்குக் காட்டாமலே நடத்தலாம். தண்டனைக்குப் போதுமான சான்று இல்லாதபோது அதிகாரியின் கை தானாகவே இந்தப் பக்கம் போகிறது. வெளியேற்றப்படுகிறவருக்கு ஓட்டும் இல்லை, அதனால் அரசியல்வாதிக்கு இதில் செலவே கிடையாது.

இது புதுப் பழக்கம் அல்ல. 1901இல் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட சோல்கோஷ் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர், அமெரிக்கக் குடிமகன். அதற்குப் பதிலாக 1903இல் வந்த சட்டம் அராஜகவாதக் கொள்கை கொண்ட வெளிநாட்டவர் நாட்டுக்குள் வரக்கூடாது என்றது. 1919 ஜூனில் எட்டு நகரங்களில் குண்டுகள் வெடித்தன, அட்டர்னி ஜெனரல் பால்மரின் வீட்டு வாசலிலேயே ஒன்று. அவர் நாடு முழுக்கச் சோதனை நடத்தி ஆயிரக்கணக்கில் பிடித்தார். டிசம்பரில் பியூஃபோர்ட் என்ற கப்பலில் எம்மா கோல்ட்மேன் உட்பட 249 பேரை ஏற்றி ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். 1920 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டியில் வைத்த குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்தக் குண்டுக்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் தொழிலாளர் துறையில் பொறுப்பில் இருந்த லூயிஸ் போஸ்ட் என்ற வயதான அதிகாரி, பிடிக்கப்பட்டவர்களின் கோப்புகளைப் படித்துப் பார்த்து, ஆதாரமே இல்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாரண்டுகளை ரத்து செய்தார். அதற்காக அவரைப் பதவி நீக்கம் செய்யப் பார்த்தார்கள், காங்கிரஸ் குழு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி நிமிர்ந்து வெளியே வந்தார். இந்த வரலாற்றில் நான் மனதார மதிக்கிற மனிதர் அவர்.

1995இல் ஒக்லஹோமா நகரில் 168 பேரைக் கொன்ற குண்டை வைத்தவர் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய அமெரிக்கர். அடுத்த ஆண்டு அதன் சூட்டோடு நிறைவேறிய சட்டம், பயங்கரவாதத் தொடர்புள்ள வெளிநாட்டவரை ரகசிய ஆதாரத்தின் பேரில் வெளியேற்ற ஒரு தனி நீதிமன்றத்தையே உண்டாக்கியது. அந்த நீதிமன்றம் வருடக்கணக்கில் ஒரு வழக்கைக்கூட விசாரிக்காமல் சும்மா கிடந்தது.

பிரிட்டனிலும் இதே தடம். 2001 சட்டத்தின்படி, நாடுகடத்த முடியாத வெளிநாட்டுச் சந்தேக நபர்களை விசாரணையில்லாமல் காலவரையின்றி பெல்மார்ஷ் போன்ற சிறைகளில் வைத்தார்கள். அவர்கள் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் வேறு நாட்டுக்குக் கிளம்பலாம். ஒருவர் அப்படியே பிரான்ஸுக்குப் போய்விட்டார். 2004 டிசம்பரில், அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் 8க்கு 1 என்று இதை மனித உரிமைகளுக்கு முரணானது என்றார்கள். அவர்கள் எழுப்பிய கேள்விகள் எளிமையானவை. அவ்வளவு ஆபத்தான ஆள் என்றால் கடலைத் தாண்டிப் போக எப்படி விடுகிறீர்கள்? அதே அளவு ஆபத்தான பிரிட்டிஷ் குடிமகனை மட்டும் ஏன் வெளியே விட்டிருக்கிறீர்கள்? ஏழு மாதம் கழித்து, 2005 ஜூலை 7 அன்று லண்டன் ரயில்களிலும் பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். குண்டுகளை வெடிக்கவைத்த நான்கு பேரில் மூவர் பிரிட்டனில் பிறந்தவர்கள், நான்காமவர் ஜமைக்காவில் பிறந்து சிறுவயதிலேயே வந்து அங்கேயே வளர்ந்தவர்.

சரி, மறுபக்கத்துக்கு இருக்கிற வலுவான வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். 2016 டிசம்பர் 19 அன்று பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரியை ஏற்றிய தாக்குதலில் பன்னிரண்டு பேரைக் கொன்ற அனிஸ் அம்ரி துனிசியக்காரர். புகலிட மனு அந்த ஆண்டே நிராகரிக்கப்பட்டிருந்தது. அனுப்பியிருக்க வேண்டும், ஆனால் அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் "இவர் எங்கள் குடிமகன்" என்று துனிசியா ஒப்புக்கொண்டு பயணப் பத்திரம் தரவில்லை. அதற்கு முன்னால் இத்தாலியில் நான்கு ஆண்டு சிறையில் இருந்தார், அங்கிருந்தும் அதே காரணத்துக்காக அனுப்ப முடியவில்லை. பத்திரம் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தது டிசம்பர் 21 அன்று, கொலைகள் நடந்து இரண்டு நாள் கழித்து. இதைப் படிக்கும்போது யாருக்கும் ஆத்திரம் வரும். "சீக்கிரம் நாடுகடத்தியிருந்தால் பன்னிரண்டு உயிர் பிழைத்திருக்கும்" என்பதில் பொய் இல்லை.

ஆனால் அந்த வழக்கின் உள்ளே போனால் வேறொன்று தெரியும். அம்ரி ஆபத்தானவர் என்று போலீசுக்கு முன்பே தெரியும், பயங்கரவாதத் தடுப்பு மையத்தில் அவர் பெயர் பலமுறை அடிபட்டது. பெர்லின் அரசு நியமித்த சிறப்பு விசாரணையாளர் 2017இல் கொடுத்த அறிக்கை, அவர் போதைப்பொருள் விற்றதற்கான சான்று போலீஸ் கையிலேயே இருந்தது, அதை வைத்துக் கைது செய்திருக்கலாம் என்றது. எப்படியும் நாடுகடத்தி விடலாம் என்ற நினைப்பில் பலரும் இருந்ததில், கையில் இருந்த சாதாரணக் குற்றவியல் சட்டத்தை யாரும் எடுக்கவில்லை.

நியூசிலாந்தில் 2021 செப்டம்பரில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுவே. ஆக்லாந்தின் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கத்தியால் பலரைக் குத்தியவர் 2011இல் மாணவராகப் போன இலங்கையர், 2013இல் அகதி அந்தஸ்து பெற்றவர். அந்த அந்தஸ்தை ரத்து செய்து வெளியேற்ற அரசு வருடக்கணக்கில் முயன்றது, மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. போலீஸ் நிழல் போல் பின்தொடர்ந்ததால்தான் சில நிமிடங்களுக்குள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் ஏன் அவர் சிறையில் இல்லை? தனி ஆளாக ஒரு தாக்குதலுக்குத் திட்டமிட்டுத் தயாராவது மட்டும் அன்றைய நியூசிலாந்துப் பயங்கரவாதச் சட்டத்தில் குற்றமே இல்லை, அதை 2020இல் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஓட்டை அங்கே இருந்தது. தாக்குதல் நடந்த அதே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி அதை அடைத்தது.

அதே நாட்டில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவர் ஆஸ்திரேலியர். ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு நியூசிலாந்தில் தங்கவும் வேலை செய்யவும் முன்கூட்டி விசா தேவையில்லை. நாட்டை வைத்துப் போடும் எந்தப் பட்டியலிலும் ஆஸ்திரேலியா வரப் போவதில்லை. பிறகு விசாரித்த அரச ஆணையம் தவறு கண்டது துப்பாக்கி உரிமம் கொடுத்த முறையில். அவருக்காக நற்சான்று சொன்னவர்களை ஒழுங்காக விசாரிக்கவில்லை.

நாட்டுப் பட்டியல் என்றதும் அமெரிக்கப் பயணத் தடையைச் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் டிரம்ப் ஈரான், இராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு நாட்டவரின் வரவை நிறுத்தினார். கேடோ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஒரு கணக்குப்படி, 1975 முதல் 2015 வரை அமெரிக்க மண்ணில் வெளிநாட்டில் பிறந்த பயங்கரவாதிகளால் இறந்தவர்கள் 3,024 பேர், அவர்களில் 2,983 பேர் செப்டம்பர் 11 அன்று இறந்தவர்கள். அந்த ஏழு நாட்டவர் கையால் இறந்தவர் ஒருவரும் இல்லை. பல திருத்தங்களுக்குப் பிறகு மூன்றாவது வடிவத்தை 2018இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று ஏற்றுக்கொண்டது. 2021இல் பைடன் ரத்து செய்தார். 2025 ஜூனில் கொலராடோவின் போல்டர் நகரில், காஸாவில் இருந்த பணயக் கைதிகளுக்காக ஊர்வலம் போனவர்கள் மீது தீக்குண்டு வீசப்பட்டது. அதைக் காட்டியே அந்த வாரத்தில் 12 நாடுகளுக்கு முழுத் தடையும் 7 நாடுகளுக்குப் பகுதித் தடையும் அறிவித்தார்கள். பிடிபட்டவர் எகிப்தியர். அந்த 19 நாடுகளில் எகிப்து இல்லை.

இந்த அளவு பரந்த வலை பாதிக்கப்பட்டவர்களையே பிடிக்கும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். எல் சால்வடோரைச் சேர்ந்த ஒரு பெண். 1990இல் கெரில்லாக்கள் அவரைப் பிடித்துப்போய், அவர் கண்ணெதிரே கணவரைக் கொன்றார்கள். அவரைக் கொத்தடிமையாக வைத்துச் சமைக்கவும் கூட்டவும் துணி துவைக்கவும் வைத்தார்கள். 2018இல் அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அந்தச் சமையலும் துவைத்தலும் பயங்கரவாத அமைப்புக்குச் செய்த "பொருள் உதவி" என்று தீர்ப்பளித்தது, கட்டாயப்படுத்திச் செய்யவைத்ததாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை என்றது. புலிகளுக்கோ ராணுவத்தோடு சேர்ந்த குழுக்களுக்கோ கப்பம் கட்டித் தப்பி வந்த ஈழத்தமிழர்களுக்கு இந்த விதி எப்படிப் பாயும் என்று விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் இதே கொள்கை நடந்திருக்கிறது. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, அந்தச் சதியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஈழ அகதிகள் அத்தனை பேர் மேலும் சந்தேகம் விழுந்தது. பிள்ளைகளின் மேற்படிப்புக்கு வழி அடைபட்டது, தொண்டு நிறுவனங்களை முகாம்களுக்குள் விடவில்லை. 1992இல் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கி, சில ஆண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கே போனார்கள். விரும்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்த அளவுக்கு அதில் கேள்விகள் இருந்தன. வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் வந்த சிறப்பு முகாம்கள் இன்னும் இருக்கின்றன. ராஜீவ் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் நான்கு பேர் இலங்கையர் என்பதால் சிறையிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். அவர்களில் சாந்தன், ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து, 2024 பிப்ரவரியில் சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரை ஏப்ரலில் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றமே விட்ட பிறகு அந்தப் பதினைந்து மாதம் எந்தப் பயங்கரவாதத்தைத் தடுத்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

பாகிஸ்தான் இதையே பெரிய அளவில் செய்கிறது. 2023இல் தற்கொலைத் தாக்குதல்களில் ஆப்கானியர்களின் பங்கைக் காரணம் காட்டி, ஆவணமில்லாதவர்கள் நவம்பர் 1க்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டது. லட்சக்கணக்கானோர் போனார்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அதில் உண்டு. 2024இல் பாகிஸ்தானில் பயங்கரவாதச் சாவுகள் குறையவில்லை, முந்தைய ஆண்டைவிடக் கூடின. 2025 மார்ச்சில் ஒரு ரயிலையே கடத்தியவர்கள் பலூச் ஆயுதக்குழுவினர், அவர்களை எந்த எல்லைக்கு வெளியே அனுப்புவது?

அடுத்தது, அனுப்பிய இடத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்வி. சித்திரவதை நடக்கும் இடத்துக்கு யாரையும் அனுப்பக்கூடாது என்பது ஐ.நா. உடன்படிக்கை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996இல் சாஹல் வழக்கில், ஆள் எவ்வளவு ஆபத்தானவராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை என்று அறுதியிட்டுச் சொன்னது. கனடா உச்ச நீதிமன்றத்துக்கு இதே கேள்வி ஒரு தமிழர் வழியாகவே வந்தது. அகதியாக ஏற்கப்பட்ட மாணிக்கவாசகம் சுரேஷ், புலிகளுக்கு நிதி திரட்டினார் என்று 1995இல் பிடிக்கப்பட்டார். 2002 ஜனவரியில் நீதிமன்றம் அவர் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொன்னது, சித்திரவதைக்கு அனுப்புவது பொதுவாக அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. ஆனால் "அசாதாரணமான சூழ்நிலையில்" அனுப்பலாமோ என்ற கதவை மட்டும் சாத்தாமல் விட்டது. அந்தக் கதவைத் திறந்து வைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் அதே ஆண்டு செப்டம்பரில் மஹேர் அரார் என்ற கனடியப் பொறியாளர் நியூயார்க்கில் விமானம் மாறும்போது நிறுத்தப்பட்டார். அமெரிக்கா அவரைக் கனடாவுக்கு அனுப்பவில்லை, குடிவரவுச் சட்டத்தைப் பயன்படுத்தி ஜோர்டான் வழியாக, அவர் பிறந்த சிரியாவுக்கு அனுப்பியது. மூன்றடி அகலம், ஆறடி நீளம், ஏழடி உயரம் உள்ள ஓர் அறையில் பத்து மாதத்துக்கும் மேல் இருந்தார், அதைக் கல்லறை என்றே அவர் சொன்னார். மின்கம்பியால் அடித்தார்கள். கனடிய விசாரணை ஆணையம் 2006இல், அவர் குற்றம் செய்ததற்கு எந்தச் சான்றும் இல்லை, கனடிய போலீஸ் அமெரிக்காவுக்குத் தவறான தகவல் கொடுத்தது என்று கண்டது. கனடிய அரசு மன்னிப்புக் கேட்டு 1 கோடியே 5 லட்சம் டாலர் கொடுத்தது. குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் முதல் குறுக்கு விசாரணையிலேயே உதிர்ந்திருக்கும் ஆதாரம் அது. நாடுகடத்தல் என்பதால் யாரும் அதைக் கிள்ளிக்கூடப் பார்க்கவில்லை.

பயங்கரவாதச் சந்தேகத்தில் பிரிட்டனில் பிடிக்கப்பட்ட ஜோர்டானிய மதபோதகர் அபூ கத்தாதாவின் விவகாரம் இன்னொரு பாடம். அவரை ஜோர்டானுக்கு அனுப்ப பிரிட்டன் பல ஆண்டு போராடியது, 17 லட்சம் பவுண்டு செலவழித்தது. சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்ட பிறகே 2013 ஜூலையில் அனுப்ப முடிந்தது. ஜோர்டான் நீதிமன்றம் 2014இல் இரண்டு வழக்கிலும் அவரை விடுவித்தது. பிரிட்டன் அத்தனை ஆண்டும் தன் மண்ணில் அவர் மேல் ஒரு பயங்கரவாத வழக்குக்கூட நடத்தவில்லை.

அப்படியானால் குடிவரவுக் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும், தகவலோடு சேர்ந்த கட்டுப்பாடு வேண்டும். 2009 நவம்பரில் நைஜீரியாவின் அபுஜாவில் ஒரு வங்கியாளர் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், மகன் தீவிரவாதிகளோடு சேர்ந்துவிட்டான் போலிருக்கிறது என்று சொன்னார். ஒரு தகப்பன் பெற்ற மகனைப் பற்றி வெளிநாட்டு அரசிடம் போய்ச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த மகனிடம் அமெரிக்க விசா இருந்தது, அது ரத்தாகவில்லை. கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போகும் விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு உட்கார்ந்திருந்தான், அது சரியாக வெடிக்காததால் கிட்டத்தட்ட 290 பேர் பிழைத்தார்கள். நாடுகடத்தல் அதிகாரிகள் எத்தனை பேரைப் பிடித்தாலும் அந்தத் தகப்பன் கொண்டுவந்த தகவலுக்கு ஈடாகாது. ஒரு சமூகத்தையே சந்தேக வட்டத்துக்குள் வைத்தால், அடுத்த தகப்பன் தூதரக வாசல் வரை வருவாரா?

கடைசியாக, இந்தத் தர்க்கம் போய் முட்டும் இடம் குடியுரிமைப் பறிப்பு. வெளிநாட்டவரை அனுப்பலாம், சொந்தக் குடிமகனை எப்படி அனுப்புவது என்று யோசித்து, முதலில் அவரை வெளிநாட்டவர் ஆக்கிவிடுகிறார்கள். 15 வயதில் லண்டனிலிருந்து ஐஎஸ் அமைப்பிடம் போன ஷமீமா பேகத்தின் குடியுரிமையை 2019இல் பிரிட்டன் பறித்தது. பெற்றோர் வழியில் பங்களாதேஷ் குடியுரிமை இருக்கிறது என்றது. எங்கள் குடிமகள் இல்லை என்றது பங்களாதேஷ். அவர் செய்தது குற்றமா, எவ்வளவு குற்றம் என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்காமல், சிரியாவில் ஒரு முகாமில் விட்டுவிட்டார்கள். பிரான்ஸில் 2015 பாரிஸ் தாக்குதலுக்குப் பிறகு ஜனாதிபதி ஒலாந்த் இதை அரசியல் சாசனத்திலேயே எழுதப் பார்த்தார், அவருடைய நீதி அமைச்சரே ராஜினாமா செய்தார், 2016 மார்ச்சில் கைவிட வேண்டியதாயிற்று.

ஜெர்மனி வேறு வழியில் போன ஒரு வழக்கு இருக்கிறது. ஐஎஸ் அமைப்பில் சேர்ந்திருந்த ஒரு ஜெர்மானியப் பெண்ணும் அவருடைய இராக்கியக் கணவரும் இராக்கின் சிறுபான்மையினரான யாசிதி சமூகத்தைச் சேர்ந்த ஒரு தாயையும் ஐந்து வயது மகளையும் அடிமையாக வாங்கி வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தையை வெயிலில் கட்டிப் போட்டுத் தாகத்தில் சாகவிட்டார்கள். மனைவி ஜெர்மனிக்கே திரும்பி வந்திருந்தார், மியூனிக் நீதிமன்றம் அவரை விசாரித்துத் தண்டித்தது. கணவர் ஜெர்மானியர் அல்ல, குற்றம் நடந்தது இராக்கில். இருந்தும் கிரீஸிலிருந்து 2019இல் அவரை ஜெர்மனிக்குள் வரவழைத்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் 2021 நவம்பரில் ஆயுள் தண்டனை கொடுத்தது. யாசிதிகளை அழித்ததற்காக இனப்படுகொலைக் குற்றத்தில் உலகில் தண்டனை பெற்ற முதல் ஐஎஸ் ஆள் அவர். அந்தத் தாய் நேரில் வந்து, தன் மகளுக்கு நடந்ததை நாள் நாளாக நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொன்னார்.